ஒப்பு சேரவில்லை

எங்க ஊர் காஞ்சிரங்குளம், நெய்யாற்றின்கரை தாலுகா. 1956 நவம்பர் 1-ஆம் தேதி பக்கத்து விளவங்கோடு தமிழ்ப் பக்கம் போனது, நாங்கள் கேரளத்தில் நின்றுவிட்டோம். வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம். அப்பா வங்கிக் கணக்கு தொடங்கியபோது போட்டது தமிழ்க் கையெழுத்து. பிறகு மலையாளத்துக்கு மாற்றிக்கொண்டு, புது மாதிரிக் கையெழுத்து அட்டையும் எழுதிக் கொடுத்திருந்தார்.

நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது, அக்காவின் காலேஜ் ஃபீஸுக்குப் பணம் எடுக்க அவரோடு போனேன். கவுண்ட்டரில் இருந்தவர் சீட்டைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். "ஒப்பு சேருன்னில்லல்லோ" என்றார். கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம். அவர் கையில் இருந்தது பழைய அட்டை! பேர் சரி, கணக்கு எண் சரி, அட்டை மட்டும் வேறு. புது அட்டையைத் தேடி எடுக்க மத்தியானம் ஆனது. திரும்பி வரும்போது அப்பா சொன்னார்: "எல்லாரும் பாக்க கள்ளனப் போல நிக்க வச்சிட்டான் மக்களே."

பி.காம் முடித்து நானும் வங்கிக்கே வந்தேன். இப்போது மஸ்கட்டில் இருக்கிறேன். கம்ப்யூட்டர் ஆள் இல்லை நான். ஆனாலும் 2023-ல் ஒரு மாசக் கடைசியில் அந்தப் பழைய அட்டை ஞாபகம் வரும்படி ஒன்று நடந்தது.

ஊருக்குப் போகும் பணத்துக்கான ஃபைலைத் தயாரிக்கும் புரோகிராம் இரண்டு ராத்திரி தொடர்ந்து பாதியில் செத்துப்போனது. எல்லாம் சம்பளம் வாங்கின கையோடு வீட்டுக்கு அனுப்பியவர்களின் பணம். காலையில் போன் ஓயவில்லை.

புரோகிராம் இப்படிச் சாகும்போது லினக்ஸ் அதன் நினைவகத்தை 'கோர் டம்ப்' என்று ஒரு ஃபைலாக எழுதி வைக்கும். போஸ்ட்மார்ட்டத்துக்கு வரும் உடம்பு மாதிரி. ஆனால் பல புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் 'ஷேர்டு லைப்ரரி'கள் அதில் முழுசாக இருக்காது. வழக்கமாக அவற்றின் முதல் பக்கம் மட்டும்தான் இருக்கும். மீதியை ஆராய்கிறவர்தான் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

மென்பொருள் தந்த கம்பெனிக்காரர்கள் தங்கள் மெஷினில் இருந்த லைப்ரரியை வைத்துப் பார்த்தார்கள். கைகாட்டியது ஒரு பையன் எழுதிய பகுதியை. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாதவன். மீட்டிங்கில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டியவன் நான்.

பேனாவைத் திறந்துவிட்டுக் கேட்டேன்: "அன்னைக்கு ராத்திரி இங்க ஓடினது இதே லைப்ரரிதானா?"

"பேர் அதேதான் சார்."

எனக்கு அப்பாவின் முகம் வந்தது. பேனாவை மூடினேன்.

அவர்கள் டீமில் இருந்த ஒரு நாகர்கோவில் பெண்தான் விஷயத்தை விளக்கினாள். அப்டேட் போட்டாலும் லைப்ரரியின் பேர் மாறுவதில்லை. உள்ளே ஃபங்ஷன்கள் இருக்கும் இடம் மாறிவிடும். பொருந்தாத லைப்ரரியை வைத்தால் டீபக்கர் சில சமயம் வெறும் கேள்விக்குறி காட்டும். சில சமயம் நம்பும்படியான தப்பான பேரைக் காட்டும். இரண்டாவதுதான் ஆபத்து.

இதற்கு மருந்து 'பில்ட்-ஐடி'. லைப்ரரியை உருவாக்கும்போதே உள்ளே பதியும் அடையாளம், வழக்கமாக 40 எழுத்து நீளம். கோர் டம்ப்பில் தங்கும் அந்த முதல் பக்கத்தில் இதுவும் இருக்கும். 2019 நவம்பரில் எல்ஃப்யூடில்ஸ் 0.178-உடன் 'டீபக்-இன்ஃபோ-டி' என்ற சர்வர் வந்தது. 2020-ல் ஜிடிபி 10 அதோடு பேசத் தொடங்கியது. பிறகு வந்த பதிப்புகள், டம்ப்பில் இருக்கும் ஐடியைச் சொல்லி, பொருத்தமான லைப்ரரியையே தானாக வரவழைத்துக்கொள்கின்றன.

"டம்ப்பை வெளிய அனுப்பணுமா?" என்றேன். அதில் வாடிக்கையாளர் பேர், கணக்கு எண் எல்லாம் இருக்குமே!

"வேண்டாம் சார். ஐடி மட்டும்தான் போகும். அதுவும் நம்ம நெட்வொர்க்குக்குள்ளயே ஒரு சர்வர் வச்சுக்கலாம்."

ஆனால் ஒரு நிபந்தனை. பழைய பதிப்புகளை அழித்திருக்கக் கூடாது. இல்லாத அட்டையை எந்த சர்வரும் எடுத்துத் தராது. நல்லவேளை, பேக்கேஜ்கள் பேக்கப்பில் இருந்தன.

சரியான லைப்ரரிகள் வந்ததும் உண்மை வெளிப்பட்டது. நாங்கள் அனுப்பிய ஸ்விஃப்ட் எம்டி103 செய்தியில் பணம் பெறுபவரின் பேர், விலாசத்துக்கு நாலு வரி, வரிக்கு 35 எழுத்து. வீட்டுப்பேரோடு நீண்ட ஒரு கேரளப் பேர் 35-ஐத் தாண்டியிருக்கிறது. மிச்ச இடத்தைக் கணக்குப் போட்ட வேறொரு பழைய லைப்ரரி, 35-லிருந்து பெரிய எண்ணைக் கழித்துத் தடுமாறியிருக்கிறது. பையனின் பகுதிக்குச் சம்பந்தமே இல்லை.

அன்று ராத்திரியே திருத்தினார்கள். மறுநாள் பணம் போய்ச் சேர்ந்தது.

அந்தப் பையன் வந்து "தேங்க்ஸ் சார்" என்றான். அட்டை கதையை அவனிடம் சொன்னேன். "அப்புறம் ஃபீஸ் கட்டினீங்களா சார்?" என்று கேட்டான்.

கட்டினோம். கடைசி நாள், கடைசி ஆளாக.