எண்ணெய்ப் பிசுக்கு

பல் வலிக்கு அடுத்தபடியாக ஊரில் இலவச வைத்தியம் தாராளமாகக் கிடைப்பது பழைய காரின் எண்ணெய்ப் பிசுக்குக்குத்தான். இது சென்ற மாதம் நான் அனுபவத்தில் கண்டது.

கார் என்னுடையது அல்ல. காலமான என் அண்ணனுடையது. 1968-ஆம் வருஷத்து அம்பாசிடர், மார்க் டூ. செல்லூரில் வீட்டை ஒட்டித் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. அண்ணன் இருந்தவரை மாதம் ஒருமுறை அழகர்கோவிலுக்குப் போய்வரும். அவர் போனபின் இரண்டு வருஷமாக எங்கும் போகவில்லை. விற்றுவிடலாமா என்று ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். மதினி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, “ஆர்.சி. முடியப்போகுதாம் தம்பி, அதை மொதல்ல கவனிங்க” என்றாள். மேற்கொண்டு பேச எனக்கு நா எழவில்லை.

பதினைந்து வருஷம் தாண்டிய சொந்தக் காரின் பதிவை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5000 ரூபாயானபோது அண்ணன் இரண்டு நாள் காரோடு பேசவில்லை. எனக்கு வந்த சங்கடம் கட்டணத்தால் அல்ல. ஆய்வாளர் எஞ்சின் எண்ணைப் படித்துப் பார்ப்பார். பானெட்டைத் தூக்கினால் எண் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. வருஷக்கணக்கில் கசிந்த எண்ணெய், வைகைக் கரைப் புழுதி, தறிகளிலிருந்து பறந்து வந்த பஞ்சு, மூன்றும் சேர்ந்து சூட்டில் வெந்து கருப்பட்டிப் பாகு போல இறுகியிருந்தன.

ஸ்குரூ டிரைவரால் சுரண்டு என்றார் எதிர்வீட்டுக்காரர். எண்ணில் கீறல் விழுந்தால் ஆய்வாளருக்குச் சந்தேகம் வராதா? பெட்ரோலைத் துணியில் நனைத்துத் துடை என்றார் இன்னொருவர், பீடியை வாயில் வைத்துக்கொண்டே. அவரை மரியாதையாக வாசல் வரை கொண்டுபோய் விட்டேன்.

மண்ணெண்ணெய்க்குத்தான் ஆதரவு அதிகம். 1911-இல் டி.வி.எஸ். கம்பெனி பிறந்த ஊர் இது. பஸ் ஷெட்டில் வேலை பார்த்த யாராவது ஒருவர் தெருவுக்குத் தெரு இருப்பார். மண்ணெண்ணெய் பிசுக்கைக் கரைக்கும் என்பது வாஸ்தவம். எண்ணெய்க்கு எண்ணெய் உறவல்லவா? ஆனால் பழைய ரப்பர் அதில் ஊறினால் உப்பிவிடும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர்க் கட்டையும் தண்ணீர்க் குழாய்களும் கெட்டால் மாற்றுக்கு எங்கே போவது? உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் செய்வது 2014-இலேயே நின்றுபோயிற்று. தவிர, மண்ணெண்ணெய் தன் பங்குக்கு ஒரு மெல்லிய பசையை விட்டுவிட்டுப் போகும். மறுநாள் புழுதி அதில் குடியேறும்.

சாயப்பட்டறையில் நூல் வேகவைத்த ஒரு பெரியவரிடம் போனேன். பிசுக்கு எடுக்கும் வித்தையில் செல்லூருக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது? பருத்தி நூலில் இயற்கையாகவே மெழுகு உண்டு. காஸ்டிக் சோடாவிலும் சோப்பிலும் மணிக்கணக்கில் கொதிக்கவைத்து அதை நீக்கினால்தான் சாயம் ஏறும். அவர் காஸ்டிக்கைச் சிபாரிசு செய்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ பதறினார்.

“அது நூலுக்குய்யா. அலுமினியத்துல பட்டா நுரைச்சுத் தின்னுரும். பெயிண்டையும் உரிச்சுரும். ஒங்க கார்பரேட்டரு எதுல செஞ்சது?”

அலுமினியக் கலவைதான். எழுபது வயதுக்கு மேல் கை வெந்த தழும்பைக் காட்டியபடி ஒருவர் சொல்லும்போது ரசாயனப் புத்தகம் தேவைப்படுவதில்லை.

சிம்மக்கல் பக்கம் ஒரு கடையில் மூன்று டப்பாக்களை வைத்தார்கள். ஒன்று பீச்சியடிக்கும் கரைப்பான். நெடி தலையைச் சுற்றியது. இன்னொன்று ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுத்த எண்ணெய் கலந்தது. வாசனை பிரமாதம், அதனாலேயே சாதுவென்று நினைத்துவிடக் கூடாது, ரப்பரின் மேல் தங்கவிட்டால் அதுவும் கெடுக்கும். மூன்றாவது, தண்ணீரில் கலக்கும் மிதமான சோப்பு வகை. கடைக்காரர், “இது லேட்டாகும் சார், மொதலாவதுதான் ஸ்ட்ராங்கு” என்றார். எல்லாக் கடையிலும் அந்த வார்த்தைதான் விற்கிறது.

முடிவைச் சொன்னவர் மெக்கானிக். விரலால் பிசுக்கைத் தொட்டுப் பார்த்து, “முழுசா எடுத்தீங்கன்னா வண்டி அழுதுரும்ணே” என்றார். எஞ்சின் பக்கவாட்டில் இரண்டு தகட்டு மூடிகள் உண்டு. அவற்றின் தக்கை கேஸ்கெட் காய்ந்து சுருங்கியிருந்தது. எண்ணெயை ஓரளவு தடுத்துக்கொண்டிருந்தது மேலே இறுகிய அழுக்குதான். இருந்தாலும் கசிவு எங்கே என்று பார்க்கக் கொஞ்சமாவது எடுத்துத்தானே ஆக வேண்டும்?

இன்னொரு யோசனையும் இருந்தது. கழுவிய தண்ணீர் எங்கள் சாக்கடை வழியே பந்தல்குடி கால்வாய்க்கும் அங்கிருந்து வைகைக்கும் போகும். போகாவிட்டால் திரும்பி வரும். 2024 அக்டோபர் மழையில் செல்லூர் வீடுகளுக்குள் வந்தது என்ன தண்ணீர் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே மூன்றாவது டப்பா, குழாயடி இல்லை. பேட்டரி இணைப்பைக் கழற்றி, கார்பரேட்டர் வாயையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் பாலிதீனால் கட்டினேன். எஞ்சின் ஆறியிருந்தது. பல் துலக்கும் பிரஷால் தடவி, பத்து நிமிஷம் ஊறவிட்டு, துணியால் ஒற்றி எடுத்தேன். கீழே சொட்டியதைத் தவிடு குடித்தது. முதல் நாள் மாலை ஒன்றும் நடக்கவில்லை. கடைக்காரர் சொன்னது சரியோ என்றுகூடத் தோன்றிற்று. மூன்றாம் நாள் எண் தெரிந்தது. பக்கத்து மூடியில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு தேதியும் தெரிந்தது: 12.6.97. அண்ணனுடைய ஏழு, நடுவில் கோடு போடுவார். கேஸ்கெட் மாற்றிய நாளாக இருக்கும்.

மதினியைக் கூப்பிட்டுக் காட்டினேன். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

“இதுக்கு மேல தேய்க்காதீங்க தம்பி.”

ஆய்வாளர் டார்ச் அடித்து எண்ணைக் குறித்துக்கொண்டார். எஞ்சின் அடியில் இப்போது ஒரு தவிட்டுத் தட்டு இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை மதினி மாற்றுகிறாள்.