லங்காஸ்ரரின் நெடுங்குழல் துப்பாக்கி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கீழ்க்கரையிலுள்ள பிலதெல்பியா நகரிலிருந்து மேற்கு நோக்கி ஏறத்தாழ 70 மைல் சென்றால் லங்காஸ்ரர் என்னும் ஊரை அடையலாம். வழியெங்கும் சோளக் கொல்லைகளும் புகையிலைத் தோட்டங்களும் கண்ணுக்கு இனியனவாய் விரிந்து கிடக்கின்றன. மோட்டார் வாகனங்களுக்கு இடையே, ஆமிஷ் என்னும் சமயப் பிரிவினர் சாம்பல் நிறக் குதிரை வண்டிகளைச் செலுத்திச் செல்வதையும் காணலாம். உல்லாசப் பிரயாணிகள் பெரும்பாலும் அவர்களைப் பார்க்கவே வருகின்றனர். ஆயினும் இவ்வூருக்கு இன்னுமொரு பெருமை உண்டு. 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியா நெடுந்துப்பாக்கி உருப்பெற்ற பட்டறைகளுட் பல இங்கேதான் இருந்தன.

அக்காலத்தில் ஜேர்மன் நாட்டிலிருந்தும் சுவிற்சர்லாந்திலிருந்தும் வந்து குடியேறிய கொல்லர்கள், தம் நாட்டு வேட்டைத் துப்பாக்கியின் பழக்கத்தையும் உடன் கொண்டுவந்தனர். அது குட்டையானது, வாய் அகன்றது. புதிய நாட்டின் காடுகளில் ஈயமும் மருந்தும் எளிதிற் கிடைக்கவில்லை. ஆகவே குழல் நீண்டது, துளை சிறுத்தது. 42 அங்குலத்துக்கும் மேற்பட்ட எட்டுப்பட்டைக் குழலும், அதன் உட்புறத்தே திருகாணியின் மரைபோற் சுழன்று செல்லும் வரிப்பள்ளங்களும் அமைந்தன. எண்ணெய் தோய்ந்த துணித்துண்டிற் சுற்றிய ஈயக்குண்டு அப்பள்ளங்களைப் பற்றிச் சுழன்று வெளிவரும். அதனாலேயே குறி தப்புவது அரிதாயிற்று. லங்காஸ்ரரில் தொழில் செய்து 1822இல் மறைந்த ஜேக்கப் டிக்கெற் என்பாரின் பெயர் பொறித்த குழல்களைச் சேகரிப்போர் இன்றும் பெருமதிப்புடன் போற்றுகின்றனர். இத்துப்பாக்கியை உலகம் 'கென்ரக்கித் துப்பாக்கி' என்றே அழைப்பது வேடிக்கை. செய்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் வேறொருவர் என்பது எங்கும் உள்ளதுதானே!

கடந்த இலையுதிர் காலத்தில் என் மருமகன் வீட்டில் ஒரு திங்கள் தங்கியிருந்தேன். ஒருநாள் அவன், "மாமா, பக்கத்து வீட்டுப் பெரியவர் துப்பாக்கி செய்கிறார், வந்து பாருங்கோ" என்று அழைத்துச் சென்றான். அப்பெரியவர் பாடசாலையிற் தச்சுத்தொழில் கற்பித்து ஓய்வு பெற்றவர். முன்னர் மரத்தை வெட்டுவது முதல் யாவற்றையும் தாமே செய்தவராம். இப்போது விரல்கள் நடுங்குவதால், முக்காற்பங்கு வேலை இயந்திரத்தில் முடிந்த பகுதிகளைப் பெட்டியாக வரவழைத்து, எஞ்சியதை வீட்டிலேயே முடிக்கிறார். தம் பேர்த்திக்கு விட்டுச்செல்ல இதுவே தமது கடைசித் துப்பாக்கி என்றார்.

எஞ்சியது சிறு வேலையன்று. ஒரு துப்பாக்கியின் முகத்தைத் தீர்மானிப்பதே அந்தக் கடைசிப் பங்குதான். இயந்திரம் விட்ட வரிகள் யாவும் முதலில் மறைய வேண்டும். வார்ப்படப் பித்தளையை அரத்தால் அராவி மரத்தோடு மயிரிழை இடைவெளியுமின்றிச் சேர்க்க வேண்டும். மரம் மேப்பிள், அதிலும் புலியின் உடல்போல் வரிவரியாய் நெளிந்த இழைகளையுடையது. பழைய கைவினைஞரைப் போலவே அவரும் மணல் ஒட்டிய கடதாசியைத் தொடுவதில்லை. மெல்லிய உருக்குத் தகட்டினாற் சுரண்டுகிறார். பின்பு ஈரத்துணியால் மரத்தை நனைக்கிறார். நசுங்கிக் கிடந்த நார்கள் தாடிமயிர்போல் எழுந்து நிற்கின்றன. உலர்ந்ததும் அவற்றைச் சீவி, மறுபடியும் நனைக்கிறார். நார் எழாதொழியும்வரை இது தொடரும். சிறு கீறலொன்று எஞ்சினாலும் சாயம் அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். சாயம் ஏறிய பின் மரத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருதல் இயலாது.

அச்சாயம் ஏறியதை நான் நேரிற் கண்டேன். இரும்புச் சீவல்களை நைத்திரிக் அமிலத்திற் கரைத்து நீர் கலந்த திரவம் அது. கையுறை அணிந்து, திறந்த வெளியில் நின்றே அதனைப் பூசினார். முதலில் மரம் பச்சையும் சாம்பலும் கலந்த அவலட்சணமான நிறம் பெற்றது. 'பாழாயிற்று' என்றே நினைத்தேன். பெரியவரோ பேசாமல், பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கோலொன்றை மரத்தின்மேற் படாதவாறு மெல்ல நகர்த்திச் சென்றார். சூடு பட்ட இடமெல்லாம் பச்சை மறைந்து செம்பழுப்பு ஓடிவந்தது! வரிகள் ஒவ்வொன்றாய் விழித்தெழுந்தன. பின்னர் சோடா நீராற் கழுவி அமிலத்தின் வலியை அடக்கி, ஆளிவிதை எண்ணெயைக் கைவிரலாலேயே தேய்த்தார். அந்தச் சில நிமிடங்களில் அவர் விரல்கள் நடுங்கியதை நான் காணவில்லை.

குழலுக்கு வேறு வைத்தியம். நாம் துருவைப் பகையென்போம். அவர் அதனையே காவலாக்குகிறார். எண்ணெய்ப் பசையறத் துடைத்த குழலில் துருப்பிடிக்கும் மருந்தைப் பூசி, ஈரம் மிக்க பெட்டியொன்றினுள் தொங்கவிடுகிறார். மெல்லிய துரு படர்ந்ததும் முரட்டுத் துணியால் தேய்த்துவிட்டு, மீண்டும் பூசுகிறார். இவ்வாறு பல நாள் சென்றபின் கண்ணைக் கூசாத கபில நிறம் நிலைத்துவிடும். பளபளக்கும் குழல் வேட்டைக்காரனைக் காட்டிக்கொடுக்கும் என்பதை முன்னோர் அறிந்திருந்தனர்.

விசைப்பகுதியின் செயலையும் விளக்கினார். குதிரையின் வாயில் தோற்றுண்டினாற் சுற்றிய சக்கிமுக்கிக் கல் இருக்கும். விசையை இழுத்ததும் அது உருக்குத் தகட்டில் மோதிச் சுரண்டும். எரியும் உருக்குத் துகள்களே பொறிகள். அவை கிண்ணியிலுள்ள மருந்தில் வீழ, அத்தீ குழலின் பக்கத்துளை வழியே உட்செல்லும். கண்டி இராச்சியத்துக் கொல்லர் செய்த துப்பாக்கிகளும் இத்தகையனவே. ஆனால் அவற்றின் விசைப்பகுதி குழலின் இடப்புறம் அமைந்திருக்கும் என்று நான் கூறியதும், பெரியவர் வியந்து, வரைந்து காட்டுமாறு கடதாசி நீட்டினார்.

19ஆம் நூற்றாண்டில் வெடிமூடியும் ஆலைகளும் வந்து இக்கைத்தொழிலை ஒடுக்கின. 1960களில் வேர்ஜீனியாவிலுள்ள வில்லியம்ஸ்பேர்க்கில் வாலஸ் கஸ்லர் என்பார் பழைய முறையில் முழுத் துப்பாக்கியையும் கையாற் செய்து காட்டினார். 1969இல் வெளிவந்த திரைப்படமொன்று அதனைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது. பென்சில்வேனியா அரசும் 1974இல் கல்விசைத் துப்பாக்கிகளுக்கெனத் தனி மான்வேட்டைப் பருவத்தைத் தொடக்கியது.

"இதனைச் சுடுவீர்களா?" என்று கேட்டேன். அவர் நேரே பதில் சொல்லவில்லை. மறுநாள் எங்களை நகரத்து நாடகசாலை ஒன்றின் பின்புறத்துக்கு அழைத்துச் சென்றார். 1852இல் எழுந்த அந்த புல்ற்றன் மண்டபம், பழைய சிறைச்சாலையின் அத்திவாரத்தின் மேலேயே கட்டப்பட்டது. 1763 டிசம்பர் 27ஆம் நாள், பாதுகாப்புக்கென அங்கே வைக்கப்பட்டிருந்த கொனெஸ்ரோகா ஆதிக்குடியினர் 14 பேரைக் குடியேறிகளின் கும்பலொன்று புகுந்து கொன்றது. அவர்களுட் குழந்தைகளும் இருந்தனர். இதற்கு இரு வாரம் முன்னரே அவர்களுடைய ஊரில் ஆறு பேர் கொல்லப்பட்டிருந்தனர்.

"துப்பாக்கியின் அழகைக் கற்பிப்பவன் இந்தச் சுவரையும் காட்டத்தான் வேண்டும். பேர்த்தியையும் இங்கே கூட்டி வந்தேன்" என்றார் பெரியவர்.

துப்பாக்கியின் பின்பகுதியிலுள்ள பித்தளைச் சிமிழின் மூடியிற் சித்திரம் செதுக்குவது வழக்கம். இம்மூடி வெறுமையாகவே இருந்தது. என்ன செதுக்குவதென்பதைப் பேர்த்தியே முடிவு செய்யட்டும் என்று விட்டிருக்கிறாராம். நாங்கள் விடைபெற்ற நாளிற் குழல் இன்னும் ஈரப்பெட்டியினுள்ளேயே தொங்கிக்கொண்டிருந்தது. நிறம் பிடிக்க மேலும் இரண்டு நாள் வேண்டுமென்றார்.