பெயருக்கு முன் நிற்கும் ‘ஓ’

யாம் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டு கற்றபின், பட்டணத்து ஆங்கிலப் பள்ளியில் அடியெடுத்து வைத்து ஐம்பதாண்டுகளுக்கு மேலாகின்றன. அங்கே முதல் நாளன்று எமக்கு உண்டான ஒரு வெட்கமும், அவ்வெட்கத்தைத் தீர்த்துவைத்த ஓரெழுத்துச் சொல்லும் இன்றும் எம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. அச்சொல் அயர்லாந்து தேசத்தாருடையது. அதன் வரலாற்றையும், அதனால் யாம் பெற்ற தெளிவையும் அன்பர்கள் முன் வைக்க விழைகின்றோம்.

அன்று மாணாக்கர் யாவர்க்கும் ஒரு படிவம் கொடுக்கப்பட்டது. அதில் ‘குடும்பப் பெயர்’ என்றொரு கட்டம் இருந்தது. பட்டணத்துப் பிள்ளைகள் பலர் தயங்காது எழுதினர். எமக்கோ அப்படியொரு பெயர் இல்லை. தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் ‘இன்னான் மகன் இன்னான்’ என்று கூப்பிடுவதே நாம் அறிந்த வழக்கம். எம் தந்தையார் பால்மரம் சீவுபவர், கையெழுத்திட அறியாதவர். அவர் பெயரைக் குடும்பப் பெயர் என்று எழுதக் கூசி, கட்டத்தை வெறுமையாக விட்டோம். பக்கத்திலிருந்த பிள்ளைகள் அதனைக் கண்டு நகைத்தனர்.

எங்கள் வகுப்பாசிரியர் அயர்லாந்திலிருந்து வந்தவர். அவர் பெயரின் முன் ‘ஓ’ என்னும் எழுத்து நின்றது. அது வியப்புக் குறியோ, ஏக்கக் குறியோ என்று பிள்ளைகள் தமக்குள் கேலி பேசுவதுண்டு. அவர் எம் படிவத்தை எடுத்துப் பார்த்தார், நகைத்தவர்களையும் பார்த்தார். பின்னர்க் கரும்பலகையில் இரண்டு சொற்களை எழுதினார். “‘மக்’ என்றால் மகன். ‘ஓ’ என்றால் பேரன். எங்கள் நாட்டில் குடும்பப் பெயர் என்பது இவ்வளவே. இந்தப் பையன் தன் தந்தையின் பெயரை எழுதினால், அவன் எங்களைப் போல் எழுதியவனாவான்” என்றார். யாம் எம் தந்தையார் பெயரை அக்கட்டத்தில் எழுதினோம். வகுப்பில் எவரும் நகைக்கவில்லை.

பின்னொரு நாள் அவர் தம் அன்னையார் பிறந்த குடியின் பெயரைச் சொன்னார். அது ஓ பிரையன் என்பது. பிரையனின் பேரன் என்பது அதன் பொருள். யார் அந்தப் பிரையன்? அதனைப் பிற்காலத்தில் நூல்களைத் தேடிக் கற்றோம்.

அயர்லாந்தின் தென்மேற்கே, ஷானன் ஆற்றங்கரையில் வாழ்ந்த ஒரு சிறு குலத்தில் தோன்றியவர் பிரையன் போரு. முதலில் மன்ஸ்டர் நாட்டைக் கைக்கொண்டார். 1002-ஆம் ஆண்டில் அயர்லாந்து முழுமைக்கும் பேரரசராக ஏற்றுக்கொள்ளப்பட்டார். 1014-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், டப்ளின் நகரத்தை அடுத்த கிளான்டார்ப் என்னுமிடத்தில், லென்ஸ்டர் நாட்டாரும் வைக்கிங்குகளும் சேர்ந்த படையோடு அவர் படை பொருதது. அவர் படை வென்றது. ஆயினும் முதியவரான அவரும், அவர் மகனும், பேரன் ஒருவனும் அன்றே மாண்டனர்.

இங்கே கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. பிரையன் தம்மை ஓ பிரையன் என்று அழைத்துக்கொண்டவரல்லர். அவர் காலத்தில் அப்பெயர் இல்லை. எஞ்சிய பேரப்பிள்ளைகளே அதனைப் புனைந்தனர். பின்வந்தோர் அதனை மாற்றாது வைத்துக்கொண்டமையால், பேரன் என்ற முறைப்பெயர் குடிப்பெயராக நிலைத்தது. ஐரோப்பாவில் வழிவழியாக வரும் குடிப்பெயர்கள் மிகப் பழங்காலத்திலேயே வேரூன்றிய நாடுகளுள் அயர்லாந்தும் ஒன்றாகும். பெண்மக்களுக்கோ ‘ஓ’ பொருந்தாது. அவர்கள் பெயர்முன் ‘நீ’ என்னும் வேறொரு சொல் வரும்.

மன்னன் பெயரைச் சுமந்தவரெல்லாம் மன்னனைப் போல் வாழ்ந்தனரா? இல்லை. 1543-ஆம் ஆண்டில் முரோ ஓ பிரையன் என்பவர் எட்டாம் ஹென்றி மன்னனைப் பணிந்து, தம் முன்னோரின் அரசுரிமையைத் துறந்து, தாமண்ட் பிரபு என்னும் ஆங்கிலப் பட்டத்தைப் பெற்றுக்கொண்டார். அதே பெயருடைய வேறொரு முரோ, இன்சிகுவின் பிரபு, 1647-ஆம் ஆண்டில் ஆங்கிலப் பாராளுமன்றத்தின் பக்கம் நின்று காஷெல் குன்றின்மேலிருந்த தேவாலயத்தைத் தாக்கினார். அங்கே அடைக்கலம் புகுந்திருந்தோர் பலர் வெட்டுண்டு மாண்டனர். அயர்லாந்து மக்கள் அவருக்கு ‘தீவைப்புகளின் முரோ’ என்று பெயரிட்டனர். பிரையனின் பேரன் என்ற பெயர் அவர் கையைத் தடுக்கவில்லை.

இனி வேறொருவரைக் காண்போம். வில்லியம் ஸ்மித் ஓ பிரையன் 1803-ஆம் ஆண்டில் டுரோமோலண்ட் மாளிகையில் இன்சிகுவின் பிரபுக்களின் அக்குடியிலேயே பிறந்தவர், செல்வத்தில் வளர்ந்தவர், பாராளுமன்ற உறுப்பினர். 1845-ஆம் ஆண்டில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் பற்றியது. அதனைத் தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மடிந்தனர். அதுகண்டு பொறாத அவர், 1848-ஆம் ஆண்டில் டிப்பரேரி மாவட்டத்தில் எழுச்சிக்குத் தலைமை தாங்கினார். ஒரு கைம்பெண்ணின் வீட்டினுள் புகுந்துகொண்ட காவலர்களோடு நிகழ்ந்த சிறு மோதலோடு அவ்வெழுச்சி அடங்கிற்று. அவருக்குத் தூக்குத் தண்டனை விதித்து, பின்னர் நாடு கடத்தலாக மாற்றி, இன்று டாஸ்மேனியா எனப்படும் தீவுக்கு அனுப்பினர். 1856-ஆம் ஆண்டில்தான் அவருக்கு முழு மன்னிப்புக் கிட்டியது. டப்ளின் நகரத்தின் தலையாய வீதியில் இன்று அவர் சிலை நிற்கின்றது.

ஊரை எரித்தவரும் ஓ பிரையன். ஊருக்காகத் துயருற்றவரும் ஓ பிரையன். பெயர் ஒன்றே, செயல் வேறு. பிறப்பினால் ஒருவன் பெருமை எய்துவான் என்பார்க்கு இக்குடியின் வரலாறே தக்க விடையன்றோ?

அப்பெயர்களைப் பறிக்க முயன்ற காலமும் உண்டு. 1465-ஆம் ஆண்டில், டப்ளினைச் சூழ்ந்த ஆங்கில ஆட்சிப் பகுதியில் வாழும் அயர்லாந்தார் ஆங்கிலக் குடிப்பெயர் பூணவேண்டுமென்று சட்டம் பிறந்தது. ஊர்ப்பெயரோ, வெள்ளை, கறுப்பு முதலிய நிறப்பெயரோ, கொல்லன், தச்சன் போன்ற தொழிற்பெயரோ, சமையற்காரன் போன்ற அலுவற்பெயரோ ஏதேனும் ஒன்று வேண்டுமாம்! 17-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தாரின் பழைய அரசுகள் வீழ்ந்தன. அதன்பின் பல குடும்பத்தார் ‘ஓ’வையும் ‘மக்’கையும் விட்டொழித்தனர். ஓ பிரையன்களிற் பலர் வெறும் பிரையன் ஆயினர். சட்டத்தைவிட வெட்கமே மிகுதியாகப் பறித்தது போலும். 1893-ஆம் ஆண்டில் அயர்லாந்து மொழியை வளர்க்கக் கேலிக் லீக் தோன்றிய காலத்தையொட்டியே, விட்ட ‘ஓ’வை மக்கள் மீண்டும் எடுத்துச் சூடலாயினர். இதனைப் படித்தபோது, யாம் வெறுமையாக விட்ட அந்தக் கட்டம் எம் கண்முன் நின்றது.

ஒருமுறை யாம் அவ்வாசிரியரிடம், “அப்படியானால் தாங்கள் அரச குலத்தவரோ, ஐயா?” என்று கேட்டோம். அவர் நகைத்தார். “பிரையன் என்ற பெயர் பிரித்தானி நாட்டிலும் உண்டு, நார்மானியரோடு அஃது இங்கிலாந்துக்கும் சென்றது. ஆகவே பெயரை மட்டும் வைத்துக் குருதியை அளக்க முடியாது. அரசன் கதை எனக்குத் தெரியும். ஆனால் நான் கண்ணாற் கண்டவர் என் பாட்டனார். சதுப்பு நிலத்தில் அடுப்பெரிக்கும் கரிமண் வெட்டிப் பிழைத்தவர். பேரன் என்று சொல்லிக்கொள்வதாயின், அவருக்குப் பேரன் என்று சொல்லிக்கொள்வேன்” என்றார்.

அந்த விடையை யாம் மறந்ததில்லை. இந்நாட்டிலே நம் பெயர்களின் நடுவே ‘அனாக் லெலாக்கி’ என்று எழுதப்படுகின்றது. மகன் என்பதே அதற்குப் பொருள். அயர்லாந்தாரின் ‘மக்’கும் அதுவே. தந்தையின் பெயரைத் தாங்குவது குறையன்று. அது பட்டாவுமன்று; கடன். முன்னோன் ஈட்டிய நற்பெயரைத் தின்று தீர்ப்பதோ, அதனோடு ஒரு பிடி சேர்த்து வைப்பதோ தாங்குபவன் கையில் உள்ளது.

சென்ற திங்கள் எம் பேரன் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து, “தாத்தா, நம்முடைய குடும்பப் பெயர் என்ன?” என்று வினவினான். அவனை அருகிலிருத்தி, அவன் தந்தை பெயரை எழுதச் சொன்னோம். பின்னர், பால்மரம் சீவிய எம் தந்தையார் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். அவன் அதனை இருமுறை உரக்கப் படித்துவிட்டு, தன் புத்தகத்தினுள் வைத்துக்கொண்டான்.