தறி நின்றதும் கேட்ட மணி

2025 மார்ச் 19 அன்று கோவை, திருப்பூர் மாவட்டங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட விசைத்தறிகள் நின்றன. கூலிக்கு நெசவு செய்யும் தறிக்காரர்கள் கூலி உயர்வு கேட்டுத் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு மாதத்தைத் தாண்டி நீண்டது. பத்திரிகைகள் நஷ்டக் கணக்கை எழுதின. பல்லடம், மங்கலம், சோமனூர்ப் பக்கத்து ஆட்களோ அந்த நாட்களைப் பற்றிக் கேட்டால் முதலில் தூக்கத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

"சத்தமே இல்லீங்களே, எப்படித் தூங்கறது? எழவு வுழுந்த வூடாட்டம் இருந்துச்சுங்க ஊரே" என்கிறார் மங்கலம் சாலையில் எட்டுத் தறி வைத்திருக்கும் ஒருவர். முப்பது வருஷத்துக்கும் மேலாகத் தறியோடு இருக்கிறவர். வீட்டையும் தறிக்குடோனையும் பிரிப்பது ஒரே ஒரு சுவர். குழந்தைகள் பிறந்ததும் படித்ததும் அந்தச் சுவருக்கு இந்தப்புறம்தான்.

உள்ளே போனால் கேள்வி கேட்கவே முடியாது. ஒவ்வொரு தறியிலும், குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சுமக்கும் நாடாவை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் அடித்துத் தள்ள ஒரு கட்டை இருக்கிறது. நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் அந்த அடி விழும். அதோடு அச்சு வந்து ஊடையை மோதும் சத்தம், பெல்ட் உரசல், மோட்டார். எட்டுத் தறியும் எட்டுத் தாளத்தில் ஓடும்போது வாய் அசைவதுதான் தெரியும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபலுக்கு மேல் ஒலி கூடாது என்கின்றன 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். அந்த விதியை எழுதியவர்கள் யாரும் தறிக்குடோனை ஒட்டி வாடகைக்குக் குடியிருந்ததில்லை போலிருக்கிறது.

ஆனால் தறிக்காரருக்கு அது ஒரே இரைச்சல் அல்ல. முதுகைக் காட்டிக்கொண்டு நாடாவுக்குள் வைக்கும் நூல் கண்டான தார் மாற்றும்போதே சட்டென்று திரும்பி மூன்றாவது தறியை நிறுத்தினார். போய்ப் பார்த்தால் நாடா பெட்டிக்குள் சரியாகப் போய்ச் சேரவில்லை. கொஞ்சம் தாமதித்திருந்தால் நீளவாட்டில் ஓடும் பாவு இழைகள் கொத்தாக அறுந்திருக்கும், இல்லாவிட்டால் நாடாவே தெறித்துப் பறந்திருக்கும். கண்ணில் நாடா பட்டவர்கள் கதை இந்தப் பக்கம் எல்லா ஊரிலும் உண்டு. எப்படித் தெரிந்தது என்று வெளியே வந்த பிறகு கேட்டால், "அடி மாறுச்சுங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார். சைசிங் முறையை மட்டும் நெடுநேரம் விளக்கினார். நூலுக்குக் கஞ்சி ஏற்றிக் காயவைத்து பீமில் சுற்றும் வேலை அது. பக்குவம் பற்றிய பேச்சில் பாதிக்கு மேல் கேட்டவருக்கு ஏறவில்லை.

குடோனுக்குள் கணவனும் மனைவியும் கையாலும் உதட்டாலும் பேசிக்கொள்கிறார்கள். இரண்டு விரலைக் காட்டினால் இரண்டாம் தறியில் இழை அறுந்திருக்கிறது. கட்டை விரலை வாய்ப்பக்கம் கொண்டுபோனால் டீ. இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலைப் பெண்களும் இப்படித்தான் உதட்டை அகலமாக அசைத்துப் பேசினார்கள். அதற்கு 'மீமாயிங்' என்று பேர். எட்மண்ட் கார்ட்ரைட் 1785இல் காப்புரிமை வாங்கிய விசைத்தறி, அங்கேதான் பெருகி உலகெங்கும் பரவியது. அந்தச் சீமையில் பர்ன்லி என்ற ஊரின் நெசவாலைகள் 1816இல் முடிந்த லீட்ஸ்-லிவர்பூல் கால்வாயின் கரையிலேயே நின்றன. நிலக்கரியும் பஞ்சும் படகில் வந்தன. இன்று அதே கால்வாயில் விடுமுறைக்காரர்கள் குறுகலான படகில் மெதுவாகப் போகிறார்கள்; மாதா கோயில் மணியும் வாத்துச் சத்தமும் கேட்கிற அமைதிக்காகவே காசு கொடுத்துப் போகிறார்கள். 1982இல் மூடிய குயின் ஸ்ட்ரீட் ஆலை அங்கே அருங்காட்சியகமாகிவிட்டது. முந்நூறுக்கும் மேற்பட்ட தறிகள் உள்ளே இருக்கின்றன. அந்தக் கரைக்கு அமைதி வந்த விலை அது.

இந்தப் பக்கமும் ஒரு மாதா கோயில் மணி உண்டு. சோமனூரை அடுத்த கருமத்தம்பட்டியில் இருக்கிறது ஜெபமாலை அன்னை ஆலயம். கோவை மறைமாவட்டத்தின் மூத்த தலங்களில் ஒன்று. 1846இல் மரியோன் பிரேசியாக் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டது இந்த ஊரில்தான். சுற்றிலும் தறி. "ஸ்டிரைக் அப்பத்தானுங்க மணி வூட்டு வரைக்கும் கேட்டுது. ஐயோ, இன்னும் தறி ஓடலையேன்னுதான் தோணுச்சு" என்கிறார் அங்கே தறிக்குப் போகும் ஓர் அம்மா. மணியோசை கேட்டு வயிறு கலங்கிய ஊர்கள் வேறும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1940 ஜூனில், பிரிட்டிஷ் அரசு தேவாலய மணிகளுக்குத் தடை போட்டது. எதிரி வந்து இறங்கினால் மட்டுமே அடிக்கலாம். எல் அலமேன் போர் வெற்றிக்காக 1942 நவம்பரில் அடிக்கும்வரை, அங்கே மணி கேட்பதென்றால் கேடு வந்துவிட்டது என்றே பொருள்.

சரி, தறி ஏன் நின்றது? தறியும் குடோனும் தறிக்காரருடையவை. நூல் அவருடையதில்லை. ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் கொடுப்பார். இவர் காடாத் துணி நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார். கரண்ட், ஆள் சம்பளம், உதிரிபாகம் எல்லாம் இவர் தலையில். இவருக்கு 'உரிமையாளர்' என்ற பட்டம் வேறு! 2014க்குப் பிறகு ஏழு வருஷம் கூலி ஏறவில்லை. 2021 நவம்பரில் சோமனூர் ரகத் துணிக்கு 23 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 20 சதவீதம் என்று பேசி முடித்தார்கள். கைக்கு வரவில்லை. 2022 ஜனவரியில் தறியை நிறுத்தினார்கள். பேசிய உயர்வு 19, 15 சதவீதம் என்று இறங்கியது. அதுவும் நிலைக்கவில்லை. 2025 ஏப்ரலில் 15, 10 சதவீதம் என்று முடிந்தது. ஒப்பந்தத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று இந்த முறை கேட்டதற்குக் காரணம் இதுதான். அமைச்சர், கலெக்டர் முன்னால் ஒப்புக்கொண்ட கூலியை அடுத்த மந்தத்தில் குறைத்துக் கொடுக்கலாம், கேட்க நாதியில்லை என்றால், அது என்ன ஒப்பந்தம்? நூல் விலை ஏறினாலும் தறிக்காரன் தலையில், துணி விலை இறங்கினாலும் தறிக்காரன் தலையில். அரசு இலவச மின்சாரத்தை 2023இல் இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட்டாக உயர்த்தியது நல்ல காரியம்தான். கூலியில் போவதை அது ஈடு கட்டாது.

காதுக்கும் இதே கதிதான். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இரைச்சலால் வரும் காது மந்தத்தைத் தொழில் நோய் என்று அட்டவணையில் சேர்த்திருந்தது. ஆனால் மின்விசை உள்ள இடமென்றால் குறைந்தது பத்துப் பேர் வேலை செய்தால்தான் அந்தச் சட்டத்தின் கண்ணில் அது தொழிற்சாலையாக இருந்தது. புருஷன், பெண்சாதி, கூட ஓர் ஆள் என்று ஓடும் குடோன் கணக்கிலேயே வராது.

மங்கலம் சாலைக்காரருக்கு இப்போது வலது காது சரியாகக் கேட்பதில்லை. தறிச் சட்டத்தில் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பார்த்துக்கொள்கிறார். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகும் மகன், டாக்டரிடம் காட்டச் சொல்லிச் சலித்துவிட்டான்.

"செவுடுன்னு எழுதிக் குடுத்துட்டா என்னங்க பண்றது? பாவு குடுக்கறவிய வேற ஆளப் பாத்துக்குவாங்க."

பாவு பிணைக்கிறவர் வாசலில் வந்து நின்றார். ஏழாம் தறி காலையிலிருந்து காலியாகக் கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டே இவர் எழுந்து போனார்.