காலியாகக் கிடக்கும் கிளீனர் சீட்

நாமக்கல்லில் எந்த லாரி ஆபீசில் போய் உட்கார்ந்தாலும் முதலில் காதில் விழுவது, “டிரைவர் கிடைக்கிறதில்லைங்க” என்ற புலம்பல்தான். ஆள் இல்லாமல் நிறுத்தி வைத்திருக்கும் வண்டிகளை ஓனர்களே கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். அதே ஆபீஸ் வாசலில், ஹெவி லைசன்ஸைப் பாலிதீன் உறைக்குள் வைத்துக்கொண்டு வேலை கேட்டு நிற்கும் இளைஞர்களையும் பார்த்தேன்.

ராசிபுரம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பையனிடம் ஓனர் கேட்டார்: “எந்த வண்டி ஓட்டுன?”

“டிப்பருங்ணா. ஊர்ல கல்லு, மண்ணு அடிச்சேன்.”

“டிப்பர் வேற, டேங்கர் வேற தம்பி. எங்கியாச்சும் ரெண்டு வருசம் டேங்கர் ஓட்டிட்டு வா, பாக்கலாம்.”

“எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. அந்த ரெண்டு வருசத்தை யாருங்ணா குடுப்பாங்க?”

சட்டம் அவனை வெளியே நிறுத்தவில்லை. 20 வயது முடிந்து, இலகுரக வாகன உரிமம் வாங்கி ஓராண்டு ஆனவர் கனரக உரிமத்துக்குப் பழகத் தொடங்கலாம். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதியையும் 2019-ல் நீக்கிவிட்டார்கள். நாமக்கல்லில் அசோக் லேலண்டின் ஓட்டுநர் பயிற்சி நிலையம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. உரிமம் வாங்க வழி உண்டு. வாங்கிய பிறகு முதல் நடைக்குத்தான் வழியில்லை.

ஓனரின் பயத்தைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. தென்மாநிலங்களுக்குச் சமையல் எரிவாயு கொண்டுபோகும் டேங்கர்களுக்கு நாமக்கல்தான் தாயகம். ஷெட்டில் நின்ற ஒரு வண்டியின் பக்கவாட்டுப் பலகையில் 1075 என்று எழுதியிருந்தது. உள்ளே இருப்பது எல்பிஜி என்று தீயணைப்பு வீரருக்குச் சொல்லும் எண் அது. அந்த உருளையை ஒருபோதும் முழுக்க நிரப்பமாட்டார்கள். சூட்டில் விரிய இடம் விடவேண்டும். அந்தக் காலியிடம்தான் டிரைவருக்குச் சவால். இடுப்புக் குடத்துத் தண்ணீர் போல உள்ளே திரவம் அலைபாயும். பிரேக் போட்டால் வண்டி நின்ற பிறகும் திரவம் முன்னால் வந்து தள்ளும். வளைவில் வெளிப்பக்கம் சாய்ந்து வண்டியையும் சாய்க்கப் பார்க்கும். தடுப்புத் தகடுகள் அலையைக் குறைக்கும், நிறுத்தாது. அபாயகரமான சரக்கு ஏற்றும் டிரைவருக்கு மூன்று நாள் வகுப்பு கட்டாயம். விதிகளைப் படிக்க அது போதும். அந்த அலைக்கு உடம்பு பழக, பக்கத்தில் வேலை தெரிந்தவர் ஒருவர் இருக்க, ஓட்டிப் பார்க்கவேண்டும்.

டிரைலரின் பாடு வேறு. ஒரு ஷெட்டில் மூத்த டிரைவர் ஒருவர் ரிவர்ஸ் எடுப்பதை அருகில் நின்று பார்த்தேன். வால் இடப்பக்கம் போகவேண்டும். அவர் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தார். பின்தட்டு திரும்பத் தொடங்கியதுமே, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் எதிர்ப்பக்கம் வளைத்து வாலைப் பின்தொடர்ந்தார். அந்த ஒரு நொடி பிந்தினால் முன்வண்டியும் பின்தட்டும் மடங்கிக்கொள்ளும். லாரியைப் பல வருடம் நேராக ஓட்டியவருக்கும் இந்தக் கை தானாக வராது.

அனுபவசாலிகளும் தப்பவில்லை. தலை நரைத்த டிரைவர் ஒருவர் டீக்கடையில் சொன்னார்: “இத்தனை வருசம் ஓட்டுனதெல்லாம் கணக்கில்லைங்களாம். பிஎஸ்-6 ஓட்டியிருக்கியாங்கறாங்க.” 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகை மாசு விதி வந்தபின், டீசலோடு யூரியாக் கரைசலும் ஊற்றவேண்டும், அது தீர்ந்துபோனால் இன்ஜின் இழுவை குறைந்துவிடும். புகை வடிகட்டியில் சேரும் கரியை எரிக்கும்படி டேஷ்போர்டில் விளக்கு எரிந்தால், என்ன செய்வதென்று தெரிந்திருக்கவேண்டும். பக்கத்தில் உட்காரவைத்து நாலு நடையில் சொல்லித்தந்துவிடக்கூடிய விஷயம் இது. இதைக் காரணம் காட்டித்தான் அவரைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

அந்தப் பக்கத்து சீட் முன்பு காலியாக இருந்ததில்லை. இங்கே நான் பேசிய மூத்த டிரைவர் ஒவ்வொருவரும் கிளீனராக ஏறியவர். தார்ப்பாய் கட்டி, கம்பியால் டயரைத் தட்டிக் காற்றைக் காதால் கணித்து, “லெஃப்ட் வருது, நிறுத்துங்ணா” என்று கத்திக் கத்தி வண்டியின் நீள அகலத்தை மனதில் ஏற்றிக்கொண்டார்கள். ஆளில்லாத ரோட்டில் காலி வண்டியைக் கையில் வாங்கியபோது பாதி வித்தை முன்பே வந்திருந்தது. அதில் குற்றங்களும் இருந்தன. சிறுவர்களை ஏற்றினார்கள், சோற்றுக்கும் அடிக்கும் வேலை வாங்கினார்கள், லைசன்ஸ் இல்லாத கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்தார்கள். அந்த முறை அப்படியே திரும்பி வரக்கூடாது. ஆனால் டீசலும் சுங்கமும் ஏற ஏற, முதலில் வெட்டப்பட்டது கிளீனரின் பேட்டாதான். அதோடு அடுத்த தலைமுறை டிரைவர் உருவாகும் இடமும் போயிற்று.

2025 மார்ச்சில் எரிவாயு டேங்கர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எண்ணெய் நிறுவனங்களின் புதிய ஒப்பந்தத்தில் அவர்கள் எதிர்த்த நிபந்தனைகளில் ஒன்று, மாற்று டிரைவரோ கிளீனரோ இல்லாத வண்டிக்கு அபராதம் என்பது. ஆள் கிடைக்காத சிரமம் உண்மை. ஆள் ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு, ஆபீஸ் வாசலில் நின்ற ராசிபுரம் பையனே விடை.

அவனை அந்த சீட்டில் ஏற்றவேண்டும். லைசன்ஸோடு, வயதோடு, சம்பளத்தோடு. அபராதம் எழுதும் நிறுவனங்கள் இரண்டாவது ஆளின் கூலியையும் வாடகைக் கணக்கில் எழுதவேண்டும். கற்றுத்தரும் மூத்த டிரைவருக்குத் தனி பேட்டா தரவேண்டும். அவன் போன நடைகளை ஒரு ஏட்டில் பதிந்து கையெழுத்திட்டுத் தந்தால், அடுத்த ஓனரிடம் அதுவே அவனுக்கு அனுபவச் சான்று. உரிமையாளர் சங்கங்கள் மனம் வைத்தால், அரசாணைக்குக் காத்திருக்காமல் இந்த ஏட்டை நாளைக்கே தொடங்கலாம். இரண்டு வருட அனுபவம் கேட்பதில் தவறில்லை. கேட்கிறவர்கள், யாரோ ஒரு பையனுக்காவது அந்த இரண்டு வருடத்தைக் கொடுத்திருக்கவேண்டும்.