மெல்ல நடக்கும் சிறுகணினி

விழா மலர்களிலே பழைய மாணவர் எழுதுவன பெரும்பாலும் பழைய நாட்களைப் பற்றியனவாகவே இருத்தல் வழக்கம். ஆசிரியப் பெருமக்களின் அருமை, விடுதி வாழ்வு, விளையாட்டுத் திடலின் வெற்றிகள் ஆகியவற்றை எம்மினும் நன்கு எழுத வல்லார் பலர் இம்மலரிலே எழுதுவர். ஆதலின் மலர்க் குழுவினர் எம்மையும் ஒரு கட்டுரை வரையுமாறு பணித்தபோது, பழைமை என்னும் பொருளைக் கைவிடாமலே, பதினைந்து ஆண்டுகளைக் கடந்துவிட்ட ஒரு சிறுகணினியைப் பற்றி எழுதத் துணிந்தோம். பழைய மாணவருள் அத்தகைய பொறியொன்றை அலுமாரியின் மேலே போட்டு வைத்திருப்போர் சிலராவது இருப்பர். இன்று பயிலும் மாணவருள் அத்தகைய பொறியொன்று மட்டுமே வாய்த்தவரும் இருத்தல் கூடும். இருசாராருக்கும் இது பயன்படுமாயின் எமது முயற்சி வீண்போகாது.

நெட்புக் என்று வழங்கப்பட்ட இவ்வகைக் கணினிகளின் வரலாறு மிகச் சிறியது. தாய்வான் நாட்டு ஆசூஸ் நிறுவனம் 2007 ஒக்டோபரில் ‘ஈ பிசி 701’ என்பதனை வெளியிட்டது. 7 அங்குலத் திரை, 512 மெகாபைற் நினைவகம், 4 ஜிகாபைற் சேமிப்பகம், ஒரு கிலோகிராமுக்குங் குறைந்த நிறை என்பவையே அதன் இலக்கணம். அடுத்த ஆண்டில் இன்ரெல் நிறுவனத்தின் ‘அட்டம் என்270’ என்னும் சிக்கனமான செயலி வந்ததும், பிறரும் இவற்றை உற்பத்தி செய்யலாயினர். 2010இலே ஐபாட் தோன்றியது. கைப்பலகைக் கணினிகளின் மீது மக்கள் மனஞ் சென்றது. 2013 அளவில் நெட்புக்குகள் ஏறக்குறைய மறைந்து போயின. எனினும் பொருள் மறைந்ததேயன்றி, வாங்கியவர் வீடுகளிலே பொறிகள் எஞ்சியே நின்றன.

எமது இல்லத்திலிருந்த பொறி 2009இல் வாங்கப்பட்டது. மேற்கூறிய அட்டம் செயலியும், 512 மெகாபைற் நினைவகமும், சுழலும் வன்தட்டுக்குப் பதிலாக 16 ஜிகாபைற் கொண்ட மலிவான திண்மநிலைச் சேமிப்பகமும் அதிலிருந்தன. செய்தவர் பெயரை இங்குக் கூற வேண்டியதில்லை. அந்நாளில் அவ்விலைக்கு விற்ற பொறிகள் பலவும் ஏறக்குறைய ஒரே தன்மையனவே. உறவினர் ஒருவர் அதில் 2016ஆம் ஆண்டின் உபுண்டுப் பதிப்பை நிறுவித் தந்திருந்தார். அதனைத் திறப்பதற்கு நான்கு நிமிடத்துக்கு மேலாயிற்று. ஒரு கோப்பைச் சேமிக்கும்போது அம்புக்குறியும் அசையாது நின்றுவிடும். ஆகவே அதனை ஒரு துணியிற் சுற்றி வைத்துவிட்டோம்.

அதனை மீண்டும் எடுக்குமாறு செய்தது 2022ஆம் ஆண்டு. அவ்வாண்டின் துன்பங்களை இந்நாட்டு வாசகருக்கு விரித்துரைத்தல் மிகையாகும். மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டியது. மார்ச் மாத இறுதியிலே மின்வெட்டு ஒரு நாளில் 13 மணி நேரம் வரை நீண்டது. கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்திலே தவணைப் பரீட்சைகளும் ஒத்திவைக்கப்பட்டன. எமது தங்கையின் மகள் அப்பொழுது உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்தாள். கடந்த ஆண்டுகளின் வினாத்தாள்கள் அவளிடம் கோப்புகளாகவே இருந்தன. அவற்றை அச்சிடக் கடதாசியில்லை. தாயாரின் கைத்தொலைபேசித் திரையிலோ வரைபடங்களின் எழுத்துக்கள் தெளிவாகத் தெரியவில்லை. புதிய கணினி வாங்குதல் எண்ணிப் பார்க்கவும் இயலாத செயலாயிற்று. துணியிற் சுற்றிய பொறியையே அவளிடங் கொடுத்தோம். ஒரு கிழமை சென்றபின், “மாமா, கரண்ட் போன பிறகு இதைத் திறந்தால், படிக்கிறதிலும் பார்க்கக் காத்திருக்கிறதுதான் கூட” என்றாள்.

அவள் சொற்களிலே குறையும் இருந்தது, கணக்கும் இருந்தது. அப்பழைய மின்கலம் தாங்குவது ஒரு மணி நேரமும் சில நிமிடங்களுமே. அதிலே திறப்பதற்கு நான்கு நிமிடமும், ஒவ்வொரு கோப்புக்கும் அரை நிமிடமும் போகுமாயின், இருளிற் படிக்கக் கிடைக்கும் வெளிச்சத்தை அன்றோ அப்பொறி உண்டுவிடுகின்றது! அன்று தொட்டு இவ்விடயம் எமக்குப் பொழுதுபோக்காக இருக்கவில்லை.

பழுதுபார்ப்போர் சிலரைக் கேட்டோம். செயலி போதாது என்றார் ஒருவர். வைரசு என்றார் மற்றொருவர். எறிந்துவிடுங்கள் என்றார் மூன்றாமவர். இம்மூவரும் பொறியைத் திறந்து பார்த்தாரல்லர். நாமோ ‘டொப்’ என்னும் கட்டளையை இட்டு, பொறி தயங்கி நிற்கும் வேளையில் அதன் செயலி என்ன செய்கின்றது என்று நோக்கினோம். அக்கட்டளை காட்டும் எண்களுள், சேமிப்பகத்தின் பொருட்டுச் செயலி வாளாவிருக்கும் நேரத்தைக் குறிப்பது ஒன்றுண்டு. பொறி உறைந்து நின்ற போதெல்லாம் ஏனைய எண்கள் தாழ்ந்திருக்க, அவ்வெண் ஒன்றே உயர்ந்து நின்றது. செயலி வேலை செய்ய முடியாது களைத்திருக்கவில்லை. வேலை வந்து சேரும்வரை கைகட்டிக் காத்திருந்தது. நோய் இருந்த இடம் அப்பொழுது புலனாயிற்று.

சேமிப்பகம் ஏன் இத்துணை மந்தமாக இருத்தல் வேண்டும்? சிலேற்றுப் பலகையிலே எழுதிப் பழகிய பழைய மாணவருக்கு இதனை விளக்குதல் எளிது. ஒரு சிலேற்றிலே பத்து வரிகள் எழுதப்பட்டிருக்கின்றன எனக் கொள்க. அதிலே ஒரு வரியை மட்டும் அழிக்கும் வழியில்லை, அழித்தால் முழுப் பலகையையுமே அழித்தல் வேண்டும் என்பது விதியாயின், ஒரு சொல்லை மாற்றுவதற்கு நாம் என்ன செய்வோம்? பத்து வரிகளையும் வேறோரிடத்திற் பெயர்த்தெழுதி, பலகையைத் துடைத்து, திருத்திய சொல்லோடு அனைத்தையும் மீண்டும் எழுதுவோம். ‘நாண்ட்’ என்னும் மின்னல் நினைவகத்தின் இயல்பு இதுவேயாகும். ஜப்பானியப் பொறியியலாளர் புஜியோ மசுவோக்காவும் அவருடன் தொஷிபா நிறுவனத்திற் பணிபுரிந்தோரும் 1987இல் உலகறியச் செய்த இந்நினைவகத்திலே எழுதுவது பக்கம் பக்கமாக நிகழும். அழிப்பதோ பல பக்கங்கள் அடங்கிய தொகுதி தொகுதியாகவே நிகழும். 2 கிலோபைற் அளவுடைய 64 பக்கங்கள் சேர்ந்து 128 கிலோபைற் கொண்ட ஒரு தொகுதியாக அமைதல் அக்காலச் சில்லுகளிற் பெருவழக்கு. விலையுயர்ந்த சேமிப்பகங்களிலே இச்சுமையை மறைத்துச் செய்யும் நுண்ணிய கட்டுப்படுத்திகள் உண்டு. மலிவான நெட்புக்கிலே அவை இல்லை. எனவே அது பெரிய கோப்பொன்றை ஓரளவு விரைவாக வாசிக்கும். சிறு சிறு குறிப்புகளைப் பலவிடங்களில் எழுதச் சொன்னால் திணறும்.

நோயின் முதல் இதுவாயின் மருந்தும் ஒன்றே. பொறியை விரைந்து எழுதச் செய்தல் இயலாது. ஆகவே எழுதும் வேலையைக் குறைத்தல் வேண்டும். இதன்பின் நாம் செய்தன யாவும் இவ்வொரு விதியினின்றும் பிறந்தனவே.

முதலாவது நினைவகம். 512 மெகாபைற் நிரம்பியவுடன், பொறி அதிலுள்ளவற்றை இறக்கி வைக்க இடந்தேடும்; அவ்விடம் அந்த மந்தமான சேமிப்பகமே. தாய்ப்பலகையில் வெறுமையாக இருந்த செருகுவாயிலே, பழுதடைந்த வேறொரு மடிக்கணினியிலிருந்து எடுத்த 1 ஜிகாபைற் டிடிஆர்2 நினைவகப் பட்டையைப் பொருத்தினோம். திருகாணிகளைக் கழற்றிய ஒழுங்கிலே ஒரு தாளில் ஒட்டி வைத்தமையால் மீளப் பூட்டுதல் எளிதாயிற்று. நாம் செய்தவற்றுள் மிகுந்த பயன் தந்தது இதுவேயாகும்.

இரண்டாவது பணிசெயல் முறைமை. அலங்காரமான திரையமைப்பை நீக்கி, பழைய 32 பிற் பொறிகளிலும் இயங்கவல்ல ‘அன்ரிஎக்ஸ்’ என்னும் இலேசான லினக்ஸ் பதிப்பை நிறுவினோம். வின்டோஸ் எக்ஸ்பீயை மீண்டும் நிறுவலாமே எனச் சிலர் வினவினர். அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8உடன் நின்றுவிட்டன. ஆதலின் இணையத்தோடு இணையும் பொறிக்கு அது தகாது.

மூன்றாவது, நினைவகம் நிரம்பும்போது இறக்கி வைக்கும் இடத்தைச் சேமிப்பகத்திலிருந்து முற்றாக நீக்கி, ‘சீறாம்’ என்னும் வசதியை அமைத்தோம். இது நினைவகத்தின் ஒரு பகுதியையே பெட்டகமாக்கி, இறக்கி வைப்பவற்றைச் சுருக்கி அங்கேயே அடுக்குவது. லினக்ஸ் கருவிலே 2014 முதல் இது முறையாக இடம்பெற்றுள்ளது. சுருக்குதலும் விரித்தலும் செயலிக்கு வேலையே. ஆயினும் கைகட்டி நின்ற செயலிக்கு வேலை கொடுத்தலில் நட்டமென்ன?

நான்காவது மிகச் சிறிய மாற்றம். நூலகத்திலே நூலை எடுத்துப் பார்த்த ஒவ்வொரு முறையும் அதன் அட்டையிலே திகதி பதிதல் போல, ஒரு கோப்பை வாசித்த நேரத்தையும் லினக்ஸ் சேமிப்பகத்தில் எழுதும் வழக்கமுடையது. வாசித்தற்கும் எழுதுதல் வேண்டுமெனின் நமது பொறி என்னாகும்! 2009 முதல் இப்பதிவு பெரிதும் குறைக்கப்பட்டதாயினும், ‘எவ்எஸ்டாப்’ என்னும் கோப்பிலே ‘நோஏடைம்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்து அதனை முழுவதும் நிறுத்தினோம். ஐந்தாவதாகத் தற்காலிகக் கோப்புகளையும், இணைய உலாவி சேர்த்து வைக்கும் படங்களையும் பக்கங்களையும் நினைவகத்திலேயே தங்கச் செய்தோம். பொறியை நிறுத்தியதும் அவை மறையும்; மறைவதனால் வரும் குறை ஏதுமில்லை.

செய்யாது விட்டவற்றையும் கூறுதல் கடன். சுழலும் தட்டுக்களுக்கு உரிய ‘துண்டுகளை ஒழுங்குபடுத்தல்’ என்னும் வேலையை மின்னல் நினைவகத்திலே செய்தல் பயனற்றது. வீணான எழுத்துவேலையையும் தேய்மானத்தையுமே அது தரும். இது அறிவு பற்றிய விலக்கு. மற்றிரண்டும் மனம் பற்றியவை. எக்ஸ்ற்4 என்னும் கோப்பு முறைமை, மாற்றங்களைச் செய்யுமுன் ஒரு குறிப்பேட்டிற் பதிந்து கொள்ளும். பதிந்தவற்றை 5 விநாடிக்கு ஒருமுறை சேமிப்பகத்திற் சேர்க்கும். குறிப்பேட்டை நீக்கினாலும், 5 விநாடியை 60 விநாடி ஆக்கினாலும் பொறி மேலும் விரைவு பெறும். ஆனால் அம்மின்கலம் சொல்லாமற் கொள்ளாமல் அணைந்துவிடும் இயல்புடையது. அவ்வேளையில் இழப்பது ஒரு மாணவி இருளிலிருந்து எழுதிய விடைகளாயிருக்கும். ஆதலின் அவ்விரண்டையும் நாம் தொடவில்லை. விரைவு எதன்பொருட்டு வேண்டப்பட்டதோ அதனையே அவ்விரைவுக்கு விலையாகக் கொடுத்தல் தகுமோ?

இவற்றின் பின் பொறி திறக்க ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவே எடுத்தது. இலேசான வாசிப்பு மென்பொருளில் வினாத்தாள் சில விநாடிகளிலே தோன்றியது. எழுதும்போது அம்புக்குறி உறைவது அரிதாயிற்று. மருமகள் அதிலே படித்து, 2023 ஜனவரி 23இலே தொடங்கிய பரீட்சைக்குத் தோற்றினாள். அவள் பெற்ற பெறுபேற்றுக்கு அவளும் அவள் ஆசிரியருமே உரியர். பொறிக்கு அதிற் பங்கு கேட்க மாட்டோம். அவள் காத்திருந்து இழந்த நிமிடங்கள் குறைந்தன என்பதே நாம் கூறக்கூடியது. இப்பொழுது அப்பொறி அவள் தம்பியிடம் இருக்கின்றது.

எல்லையையும் மறைத்தல் கூடாது. இன்றைய இணையப் பக்கங்களும் நிகழ்படங்களும் கேட்பது சேமிப்பகத்தின் வேகத்தை மட்டுமன்று. அங்கே ஒற்றைக் கருவுடைய அட்டம் செயலியும் தோற்கும். அதற்கு எவ்வகைத் திருத்தமும் மருந்தாகாது. டெபியன் அமைப்பும் 2025 ஓகஸ்ட்டில் வெளியிட்ட 13ஆம் பதிப்பிலே, இத்தகைய 32 பிற் பொறிகளில் நிறுவும் வசதியை நிறுத்திவிட்டது. முந்திய 12ஆம் பதிப்புக்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை உண்டு. அதன்பின் இணையத்தோடு சேராது, எழுதவும் வாசிக்கவும் மட்டும் இவற்றைப் பயன்படுத்தலாம். சுழலும் வன்தட்டுடைய நெட்புக் வைத்திருப்போர் பேறுடையர்; தட்டை நீக்கிச் சிறியதொரு சாட்டா திண்மநிலைச் சேமிப்பகத்தைப் பொருத்தினால் அவர்களுக்கு எம்மினும் எளிதில் நற்பயன் கிட்டும்.

மாணவச் செல்வங்களே, பொறியொன்று மெல்ல நடக்குமாயின் அதனைப் பழிக்குமுன், அது எதற்காகக் காத்து நிற்கின்றது என்று முதலிற் பாருங்கள். பார்க்குங் கருவி பொறியினுள்ளேயே இருக்கின்றது, அதற்குப் பொருட்செலவில்லை. பழைய மாணவ அன்பர்களே, உங்கள் அலுமாரிகளின் மேலே துணியிற் சுற்றிய பொறிகள் இருப்பின் அவற்றை எறியாதீர்கள். ஒரு ஜிகாபைற் நினைவகமும் ஒரு மாலைப்பொழுதும் செலவிட்டு, அயலிலே கணினியில்லாத ஒரு பிள்ளையின் மேசைமேல் வையுங்கள். அவ்வேலையைத் தாமே செய்ய இயலாதோர் எம்மிடம் அனுப்பினால், திருகாணிகளை எண்ணி வைத்துச் செய்து தரச் சித்தமாயிருக்கின்றோம்.