வீட்டில் இரண்டு மணி

தார் எஸ் சலாமில் எங்கள் வீட்டுக்குள் இரண்டு நேரம் ஓடுகிறது. என் கணவருக்கு ஆபீஸ் நேரம். எனக்கு இந்த ஊர் நேரம். சுவாஹிலி பேசுகிறவர்கள் பொழுது விடிவதிலிருந்துதான் மணியை எண்ணுவார்கள். நமக்குக் காலை ஏழு என்றால் அவர்களுக்கு ஒன்று. நம் பகல் பன்னிரண்டு அவர்களுக்கு ஆறு. குழாய் ரிப்பேர் செய்கிறவர் ‘ஸா ந்னே’ வருகிறேன் என்று போனில் சொன்னால், வார்த்தைக்கு நாலு மணி, ஆள் வருவது காலை பத்துக்கு. அவர் கையில் கட்டியிருக்கும் வாட்ச்சில் முள் பத்தில் நிற்கும், வாய் நாலு என்று சொல்லும். பூமத்திய ரேகைக்கு ஏழு டிகிரி தெற்கே இருக்கிற ஊர் இது. வருஷம் முழுக்க ஆறு மணியை ஒட்டியே விடிந்துவிடுவதால், விடியலை நம்பி மணி எண்ணலாம். உதயத்திலிருந்து நாழிகை கணக்குப் பார்த்த பாட்டியின் கையில் வளர்ந்தவள் நான். எனக்கு இது சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. என் கணவர் இன்னும் ஆறைக் கூட்டுவதா கழிப்பதா என்று விரல் விட்டுக்கொண்டிருக்கிறார்.

பிடிபடவில்லை என்பதற்காக அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஆபீஸ் இங்கிலீஷில் நடக்கிறது, மேலதிகாரி ஹைதராபாத்காரர், குளிர்சாதன அறை, அதே எக்ஸெல் தாள். சென்னை ஆபீஸை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து கடலோரத்தில் வைத்த மாதிரிதான். காகிதத்தில் வேலை அனுமதியும் குடியிருப்பு அனுமதியும் அவர் பெயரில். எனக்குக் கிடைத்தது டிபெண்டன்ட் பாஸ். அதை வைத்துக்கொண்டு இங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. ஊரில் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் நான். எங்களை வழியனுப்ப வந்தவர்கள் எல்லோரும் அவரிடம்தான் “ஆப்பிரிக்காவில் எப்படிச் சமாளிக்கப் போறீங்க?” என்று கேட்டார்கள். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. கூடப் போகிறவளுக்கு என்ன சமாளிப்பு என்று நினைத்திருக்கலாம். இங்கே வந்து பார்த்தால், இந்த நாட்டோடு முட்டி மோத வேண்டியிருப்பதே கூட வந்தவளுக்குத்தான்.

வெப்பமண்டல நாட்டுக்குக் குடிபோகிறவர்களுக்கென்று புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். வியர்க்கும், பருத்தி உடுத்துங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள், கொசுவலைக்குள் படுங்கள் என்று அத்தியாயம் அத்தியாயமாக எழுதியிருந்தார்கள். பனி பெய்கிற ஊர்க்காரர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்டது. நாகப்பட்டினத்தில் பிறந்த எனக்கு இந்த ஊரின் பிசுபிசுப்பும் உப்புக்காற்றும் நமுத்துப்போகும் அப்பளமும் புதிதில்லை. மார்ச் முதல் மே வரை கொட்டும் மசிகா மழையில், ம்சிம்பாசி ஆறு பெருகி ஜங்க்வானி பள்ளத்தில் சாலையை மூழ்கடிக்கும். அதையும் கடலோரத்துக்காரிக்கு யாரும் விளக்க வேண்டாம். என் கணவர் கோயம்புத்தூர். அந்தப் புத்தகம் அவருக்குத்தான் உதவும். ஜனவரியில் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு சிறுவாணித் தண்ணீரைப் பற்றிப் பேசுவார்.

காய்கறிக்கு நான் கிஸுட்டு சந்தைக்குப் போவேன். பெரிய கொள்முதல் என்றால் கரியாக்கோ. இங்கேயும் கூறு கட்டித்தான் விற்கிறார்கள்: தக்காளி நாலு ஒரு கூறு, வெண்டைக்காய் ஒரு கூறு, நம் முளைக்கீரைக்கு அண்ணன் தம்பியான ம்ச்சிச்சா ஒரு கட்டு. தராசு கம்மி. பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜூன் முதல் தடை என்பதால் நம் ஊர் மஞ்சள்பையை எடுத்துப் போகிறேன். கடைக்காரிகளுக்கு அதில் அச்சடித்த ஜவுளிக்கடை முருகனை நன்றாகத் தெரியும். விலை கேட்பதற்கு முன் குசலம் விசாரிக்க வேண்டும். ராத்திரி எப்படி, வீட்டில் எப்படி, வேலை எப்படி என்று கடைக்காரி கேட்பாள். எல்லாவற்றுக்கும் முதலில் நல்லது என்றுதான் சொல்ல வேண்டும். காய்ச்சலில் கிடந்துவிட்டு வந்திருந்தாலும் நல்லது என்று தொடங்கிய பிறகே காய்ச்சலைப் பற்றிப் பேசலாம். பெரியவர்களுக்கு ‘ஷிகமோ’ சொன்னால் ‘மரஹபா’ என்று வாங்கிக்கொள்வார்கள். இதைச் செய்யாமல் நேரே “எவ்வளவு?” என்று கேட்கிற வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு விலை இருக்கிறது. அது தோலின் நிறத்துக்கான விலை என்று அவர்கள் ஆபீஸில் போய்ப் புலம்புவார்கள். பாதி நிறத்துக்கு, பாதி மரியாதைக்கு என்பது என் கணிப்பு.

எங்கள் தெருமுனையில் விடியற்காலையில் ஒரு அம்மா விட்டும்புவா சுடுகிறார். கரி அடுப்பு, இங்கே ஜிக்கோ என்பார்கள். அதன்மேல் குழிகுழியாக ஒரு கல். முதல் நாள் பார்த்தபோது செட்டிநாட்டிலிருந்து யாராவது பணியாரக் கல்லோடு கப்பலேறி வந்தார்களோ என்றுதான் தோன்றியது. அரிசியை ஊறவைத்து அரைத்து, தேங்காய்ப்பால், சர்க்கரை, ஏலக்காய், கொஞ்சம் ஈஸ்ட் சேர்த்துப் பொங்க வைத்த மாவு. ஒவ்வொரு குழியிலும் எண்ணெய் விடுவார், மாவை ஊற்றுவார், ஓரம் சிவந்ததும் நீளக் கம்பியால் ஒரு சுண்டு. தேங்காய் துருவுவதற்கும் நம் வீட்டு மணை மாதிரியே ஒரு மடக்குப் பலகை. பல் வைத்த இரும்பு நாக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், பலகைமேல் உட்கார்ந்துதான் துருவ வேண்டும். ஒரு நாள் அந்த அம்மாவுக்குக் கை வலி. பலகையை என் பக்கம் தள்ளினார். நான் உட்கார்ந்து ஒரு மூடியைத் துருவி முடித்தேன். ஓட்டில் வெள்ளை மிச்சமில்லாமல், பழுப்பும் சேராமல் துருவியிருக்கிறேனா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஊரில் இத்தனை வருஷம் வாத்தியாராக இருந்ததற்கு அப்படி ஒரு சான்றிதழ் எனக்குக் கிடைத்ததில்லை.

வீட்டு நிர்வாகம் முழுக்க செல்போனில். கரண்ட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டும். எம்-பெசாவில் பணம் அனுப்பினால் இருபது இலக்கத்தில் ஓர் எண் வரும், அதை மீட்டரில் ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். ராத்திரி யூனிட் தீர்ந்துபோனால் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு இருபது இலக்கத்தையும் படிப்பது என் வேலை, அழுத்துவது அவர் வேலை. தாம்பத்தியத்துக்கு நல்ல பயிற்சி. ஆனால் அந்த எம்-பெசா கணக்கு என் பெயரில் வந்ததற்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. சொந்தச் சம்பளத்தில் இருந்து பழகியவள் கீரைக்கட்டுக்குக் கணவனிடம் கை நீட்டுவது எவ்வளவு கசக்கும் என்பது, கை நீட்டிய பிறகுதான் இரண்டு பேருக்கும் தெரிந்தது. பாஸ்போர்ட்டைக் காட்டி, கைரேகை வைத்து, என் பெயரில் சிம் வாங்கினேன். மாதம் பிறந்ததும் வீட்டுச் செலவு மொத்தமும் அதில் வந்துவிட வேண்டும், கணக்குக் கேட்கக் கூடாது என்று ஒப்பந்தம். கணக்கு டீச்சரிடம் கணக்குக் கேட்கிற தைரியம் அவருக்கு முன்பும் இருந்ததில்லை.

உபாங்காவில் நாங்கள் இருக்கிற கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு குஜராத்தி மூதாட்டி. எல்லோரையும் போல நானும் ‘பா’ என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் மாமனாரின் தகப்பனார் கட்ச்சிலிருந்து பாய்மரத்தில் வந்தவர். 1971-இல் அரசாங்கம் சட்டம் போட்டு வாடகைக் கட்டடங்களைக் கையகப்படுத்தியபோது இவர்களுடையதும் போயிற்று. உறவுக்காரர்கள் பலர் லண்டனுக்கும் கனடாவுக்கும் கிளம்பினார்கள். பா கிளம்பவில்லை, சொந்தமாக இருந்த வீட்டிலேயே வாடகை கட்டிக் குடியிருந்தார். அவருக்கு இது வெளிநாடு இல்லை, கட்ச்தான் வெளிநாடு. சுவாஹிலியில் அவர் திட்டினால் வாட்ச்மேன் எழுந்து நிற்பார், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பார்கள். போஸ்டிங்கில் வந்துபோகிற நம்மைப் போன்றவர்கள்மேல் பாவுக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. “பெட்டியைப் பிரிக்காமலே திரும்புவீங்க” என்பார்.

அவர் சொல்வதில் நியாயம் உண்டு. மஸாக்கிப் பக்கத்தில் பெரிய காம்பவுண்டுகளில் எனக்குத் தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள். எம்.ஏ. படித்தவர்கள், வங்கியில் இருந்தவர்கள், ஒருத்தி பல் டாக்டர். வாசலில் காவல், பின்னால் ஜெனரேட்டர், டிரைவரோடு கார். டிரைவர் சூப்பர்மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போவார், திரும்பக் கொண்டுவந்து விடுவார். டாலாடாலா என்கிற மினிபஸ்ஸில் இந்தப் பெண்கள் ஒருமுறைகூட ஏறியதில்லை. ஊருக்குப் போகும் விடுமுறைக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பயத்தைத்தான் கம்பெனி அவர்களுக்கு முதலில் கொடுத்தது. மதில், காவல், கார் எல்லாம் அதன் பிறகு. மொழி சொல்லிக்கொடுக்க ஆள் வைக்க வேண்டும் என்று எந்தக் கம்பெனிக்கும் தோன்றவில்லை. ஜெனரேட்டருக்கு ஆகும் டீசல் செலவில் பாதி ஆகாது அது.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் துறைமுக வாயிலில் இருக்கும் மீன் சந்தைக்குப் போவோம். பலகைமேல் குவியலாகக் கொட்டி ஏலம் போகும். ஏலத்தில் எடுத்தவர்களிடம் நாங்கள் ஒன்றிரண்டு வாங்குவோம். வஞ்சிரத்துக்கு இங்கே ‘ங்குரு’. செவுளைத் தூக்கிப் பார்த்து, வயிற்றை அழுத்திப் பார்த்து, விலை பேசுவது நான். பையைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவர். மீன்காரர்கள் அவரை ‘கக்கா’ என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டு, நகர்ந்து நிற்கச் சொல்வார்கள். வாரம் முழுக்க ஆபீஸில் பத்துப் பேருக்கு உத்தரவு போடுகிறவர், இங்கே என் முகத்தைப் பார்த்துத்தான் மீன் நல்லதா என்று தெரிந்துகொள்கிறார். அது அவருக்குப் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன். மீன் சந்தைக்கு முதலில் கிளம்பித் தயாராக நிற்பது அவர்தான்.

வெளிநாட்டு ஆஃபர் லெட்டர் கையில் வந்தால் சம்பளம், வீட்டு வாடகை, விமான டிக்கெட் எல்லாவற்றையும் பேரம் பேசுகிறீர்கள். அதே மூச்சில் இன்னும் இரண்டைக் கேளுங்கள். கூட வருகிறவர் அங்கே சட்டப்படி என்ன வேலை பார்க்கலாம், பார்க்கக் கூடாது என்பதை எழுத்தில் வாங்குங்கள். அவர் பெயரில் மொழி வகுப்புக்கான கட்டணத்தையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டையும் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். போட்ட பிறகு யாரும் காது கொடுப்பதில்லை.